ஒச்சாயி வைத்த எலும்புச் சாறு

ஒச்சாயி என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது, என் மூத்தவள் பிறந்து எனக்குப் பால் இறங்காமல் கிடந்தபோது. என் மாமியார் சோலையம்மாள் ஆட்டெலும்புச் சாற்றை ஆற்றிக் கையில் கொடுத்து, "குடி. இது ஒச்சாயி பக்குவம்" என்றார். யார் அத்தை அது என்று கேட்டேன். "எங்க ஆத்தா" என்றவர், வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார்.

உலகச் சண்டைக் காலம் அது. நாகமலை அடிவாரத்தில் மழை இல்லாமல் கம்பங்கொல்லை காய்ந்து கிடந்தது. ஒச்சாயியின் புருஷன் கொழும்புத் தோட்டத்துக்குப் போனவர், போனவர்தான். ஒச்சாயி மதுரையில் ஒரு வெள்ளைக்காரத் துரை பங்களாவுக்குப் பாத்திரம் கழுவப் போய்வந்தார். பேறுகாலத்துக்கு வந்த மகள் சோலையம்மாளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. மாரில் பால் இல்லை. ஆடு கோழியெல்லாம் முன்னமே விற்றாகிவிட்டது. பிள்ளை அழுது அழுது, பிறகு அழவும் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

பங்களாவில் ஞாயிற்றுக்கிழமை மாட்டுத் தொடையை முழுசாகச் சுடுவார்கள். மறுநாள் மிச்ச எலும்பில் சமையல்காரர் சின்னான் சூப்பு வைப்பார். அந்தத் திங்கட்கிழமை துரை குடும்பம் விடிந்ததும் கொடைக்கானலுக்குப் போய்விட்டது. எலும்பு கறியோடு அப்படியே கிடந்தது.

"அண்ணே, இதை எனக்குக் குடு."

"தாயி, ஒங்க தெருவுல தெரிஞ்சா ஒன்னையச் சேத்துக்குவாகளா?"

"பிள்ளை செத்தா மட்டும் என்ன செய்வாக? கூடி நின்னு அழுதுட்டுப் போவாக."

சின்னான் எலும்பை உடைத்து இலையில் கட்டினார். மூட்டு மட்டும் உடையவில்லை. "பச்சைத் தண்ணியில போட்டு, தீயைச் சின்னதா எரி. தளதளன்னு கொதிக்க விடாத, முணுமுணுன்னு கிடக்கட்டும். அப்பத்தான் எலும்புக்குள்ள இருக்கிறதெல்லாம் இறங்கும். கடைசியில பார்லி போடணும்."

"பார்லிக்கு எங்க போக?"

"இருக்கிற குருணையைப் போடு."

ஒச்சாயி அப்படியே வைத்தார். சுட்ட வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், இறக்கும் முன் ஒரு கை வரகுக் குருணை. மகளிடம் ஆட்டெலும்பு என்றார்.

"கருகின வாடை வருதே ஆத்தா?"

"குடிடி. கேள்வி கேக்க மட்டும் தெம்பு இருக்கு."

மறுநாள் சாயங்காலம் மகளின் ரவிக்கை நனைந்தது. பிள்ளை குடித்தது.

அதோடு எலும்பைப் புதைத்திருக்கலாம். ஒச்சாயிக்கு மனம் வரவில்லை. இன்னும் ஒரு வேளைப் பால் அதில் இருக்கிறது என்று காலையில் மறுபடி தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தார். தீப்பெட்டி கிடைக்காத காலம். எந்த வீட்டில் புகை தெரிகிறதோ அங்கே போய்க் காய்ந்த சாண எருவாட்டியில் நெருப்பு வாங்கி வருவார்கள். இல்லை என்று யாரும் சொல்வதில்லை. ஒரகத்தி முத்துத்தாய் எருவாட்டியோடு வந்து அடுப்பருகே குனிந்தார். பானை வாயில் மூட்டு நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏண்டி, இம்புட்டுப் பெரிய ஆடு எந்தச் சந்தையில விக்கிது?"

ஒச்சாயி அகப்பையால் மூட்டை உள்ளே அழுத்தினார். முத்துத்தாய் எருவாட்டியை அங்கேயே போட்டுவிட்டு, நெருப்பு வாங்காமல் போனார்.

உச்சிப்பொழுதுக்குள் தெரு கூடிவிட்டது. மருமகன் வீட்டார் தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போக வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. சோலையம்மாளும் குடித்தார் என்று தெரிந்தால் வெறும் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். அப்புறம் அவர்கள் இருவருக்கும் எந்த வாசல்?

ஊர்ப்பெரியவர் மொக்கைச்சாமி கேட்டார்: "பிள்ளை பெத்தவளுக்கும் குடுத்தியா?"

"அவளுக்குக் கேப்பைக்கூழுதான். பசி தாங்காம நான் மட்டுந்தான் தின்னேன்."

"மக பட்டினி கிடக்க, நீ ஒளிச்சு வச்சுத் தின்னியாக்கும்?"

"ஆமா."

முத்துத்தாய் காறித் துப்பினார். தான் குடித்தது என்னவென்று உள்ளே இருந்த சோலையம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது. "நான் எந்திரிச்சேன். ஆத்தா வாசலை அடைச்சு நின்னுச்சு. முதுகுதான் தெரிஞ்சுச்சு" என்று சொல்லி நிறுத்தினார் மாமியார்.

அன்றோடு அந்த வீட்டுக்கு நெருப்பும் தண்ணீரும் நின்றன. முத்துத்தாய் வீட்டிலிருந்துதான் சோலையம்மாள் வண்டி ஏறினார். ஒச்சாயி பங்களாப் புழக்கடையிலேயே தங்கிக்கொண்டார். துரைமார் சீமைக்குப் போன பிறகு கோச்சடையில் புல் அறுத்துப் பிழைத்தார். ஒரு தரம் மகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தேடிப் போனாராம். "யாராச்சும் பாத்தா நான் சொன்ன பொய் வீணாப் போகும். போயிரு" என்று கதவுக்கு உள்ளேயிருந்தே சொல்லிவிட்டாராம்.

அந்தப் பிள்ளைதான் என் வீட்டுக்காரர்.

ஒச்சாயியைச் சின்னான்தான் அடக்கம் செய்தார். கோச்சடைக்கு மேற்கே வைகைக் கரையில் கிடக்கிறார். கல் நடவில்லை.