நாற்றுப் பாத்தியில் நோட்டீஸ்

செல்லபாய் குத்தவைத்து உட்கார்ந்து, கத்தரி நாற்றுகளுக்கு நடுவே கிடக்கும் காகிதச் சுருள்களை எடுத்து மண்ணெண்ணெய் விட்ட சட்டியில் தட்டுகிறார். வாலில் இடுக்கி போன்ற கொடுக்குள்ள பழுப்புப் பூச்சிகள் பொலபொலவென்று விழுகின்றன. இரவெல்லாம் குருத்தைத் தின்றுவிட்டு, விடிந்ததும் ஈர இருட்டில் ஒளிகிற கூட்டம். "பூச்சிக்க பொறத்தால ஓடப்பிடாது மக்கா. அதுக்கு ஒரு வீடு வச்சுக் குடுத்தா தானா வந்து கேறும்" என்பார்.

பாறசாலைச் சந்தையில் இவருடைய நாற்றுக்கு நல்ல பெயர். வாங்கிப்போய் வாடவிட்டவர்களுக்கு அடுத்த சந்தையில் தமிழில் பாதி, மலையாளத்தில் பாதியாகத் திட்டு விழும். பக்கத்து வீட்டிலிருக்கும் நானும் வாங்கியிருக்கிறேன், இரண்டையும்.

ஆவணியிலிருந்து சுருள்களுக்குப் பழைய செய்தித்தாள் இல்லை. மலையாள ஆட்சியில் இருக்கும் எங்கள் தாலுகாவைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு மகன் எலியா அச்சடித்த நோட்டீஸ்தான். ஊர்வலத்தில் தடியடி நடந்த அன்று விளவங்கோட்டுப் பக்கம் போனவன் திரும்பவில்லை. ஒவ்வொரு தாளின் அடியிலும் அவன் பெயர் இருக்கிறது. ஒன்று போலீஸ் கையில் கிடைத்தாலும் ஜெயில்தான்.

"எரித்துவிடலாமே" என்றேன். முறைத்தார்.

"மேல வேதவசனம் போட்டிருக்கான், பாத்தியா? வசனம் உள்ள தாள தீயில போடப்பிடாது. மண்ணுல வைக்கலாம்."

கிழிந்த வேதப்புத்தகத்தைக்கூடப் புதைக்கிற குடும்பம் அது. அதே தாளில் பெயரையும் போட்டுவைத்த பையன்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது.

போன வாரம் போலீஸ்காரர் இருவர் வந்து பெட்டி, அடுப்பு, கூரை எல்லாவற்றையும் கிளறினார்கள். பிறகு பாத்திக்கு வந்தார்கள். ஒருவர் குனிந்து, "இதெந்தா அம்மச்சீ?" என்றார். செல்லபாய் ஒரு சுருளை எடுத்து அவர் உள்ளங்கையிலேயே தட்டினார். "பூச்சியாணு சாரே." அவர் கையை உதறிக்கொண்டு வேலியைத் தாண்டினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. "அவன் அத விரிச்சுப் பாத்திருந்தா, மக்கா?" என்று சுருளைத் திரும்ப நாற்றின் அடியில் வைத்தார்.

இன்று காலை ஒரு சுருள் ஈரத்தில் நைந்து கையோடு விரிந்தது. மேல்பாதியைப் பூச்சி அரித்திருந்தது. வசனம் முழுவதும் போய்விட்டது. அடியில் 'எலியா' மட்டும் மிச்சம்.

"இனி இதை எரிக்கலாமே?" என்றேன்.

செல்லபாய் சேலைத் தலைப்பால் அந்தப் பெயரின்மேல் இருந்த மண்ணைத் துடைத்தார். பெயர் உட்பக்கம் வரும்படி மெல்லச் சுருட்டி, பழையபடி நாற்றின் அடியில் வைத்தார்.