அட்டைக்குப் பயந்து நிறுத்திய மாத்திரை

என் மனைவி மாரியம்மாவுக்கு இதயத்தில் இரும்பு வால்வு வைத்திருக்கிறார்கள். அதில் ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை போட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தால் வால்வு டிக் டிக்கென்று அடிப்பது எனக்கே கேட்கும்.

ஏலப்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். போன மழைக்காலத்தில் கொழுந்து கிள்ளும்போது அவள் காலில் அட்டை கடித்தது. காலையில் கடித்த இடத்தில் சாயங்காலமும் ரத்தம் நிற்கவில்லை.

"ரத்தத்தத் தண்ணியாக்குறதே அந்த மாத்திரதான? ரெண்டு நாளு போடாம இருங்க" என்றாள் பக்கத்து வீட்டு முத்தக்கா. எனக்கும் சரியென்று பட்டது. நிறுத்தினோம். ரத்தம் நின்றது. அடுத்த அட்டைக்குப் பயந்து, மழை விடட்டும் என்று அப்படியே இருந்துவிட்டோம்.

ஒரு மத்தியானம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். அவளிடமிருந்து சத்தமே இல்லை.

"ஏட்டி, டிக் டிக்க எங்க காணோம்?"

"சாவி குடுக்க மறந்துட்டீகளோ என்னவோ" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே மூச்சு முட்டியது.

ஜீப்பில் மலை இறங்கினோம். வழியெல்லாம் அவள் நெஞ்சில் காதை வைத்திருந்தேன். ஜீப் சத்தம்தான் கேட்டது.

வால்வில் ரத்தம் கட்டிவிட்டது என்றார் டாக்டர். மருந்து ஏற்றிக் கரைத்தார்கள். பிழைத்தாள்.

இப்போது அட்டை கடித்தால் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போடுகிறேன். அவர்கள் நிறுத்தச் சொன்னால்தான் நிறுத்துவேன். போடச் சொன்னால் நானே எடுத்துக் கொடுக்கிறேன். ரத்தம் வழியும் காலைப் பார்த்துக்கொண்டு அந்த மாத்திரையைக் கொடுக்கக் கை லேசில் வருவதில்லை.

"குடுங்க" என்று அவள்தான் கையை நீட்டுகிறாள்.