கேப்சூலின் குடல்

தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருப்பவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி வழி கேட்டால் எதிர்வீட்டுத் தையல்காரரே உதட்டைப் பிதுக்குவார். கேப்சூல் என்று கேட்டால் கையோடு கூட்டிக்கொண்டுபோய் விடுவார். யார் வந்து என்ன சொன்னாலும் கேப்சூலின் கை தானாக ஆன்டிபயாடிக் இருக்கும் தட்டுக்குத்தான் போகும். தொண்டை கரகரத்தால் ஒரு பட்டை மாத்திரை, பல் கூசினால் ஒரு பட்டை. மழையில் நனைந்துவிட்டேன் என்று யாராவது பேச்சுவாக்கில் சொன்னால் முன்ஜாக்கிரதையாக இரண்டு மாத்திரை. காதலில் தோற்றவன் வந்தாலும் காலை ஒன்று இரவு ஒன்று என்று கொடுத்தனுப்புவார் என்பது தையல்காரரின் கணிப்பு.

ஊருக்கே அள்ளிக் கொடுத்தவர் வீட்டாரை மட்டும் விட்டுவைப்பாரா? மனைவி தும்மினால் மாத்திரை, மகன்கள் இருமினால் மாத்திரை, கடைக்கணக்கு பார்க்கும் சொந்தத் தம்பி கொட்டாவி விட்டால்கூட ஒரு சந்தேகப் பார்வை. தப்பித்தது ஒரே ஆள், மனைவியின் தம்பி. அவன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். நல்ல சாப்பாட்டு ராமன். ஒரு அண்டா சோற்றை மூச்சு விடாமல் இறக்குவான், ஆனால் ஒரு மாத்திரையை விழுங்க மாட்டான். நாக்கில் வைத்ததுமே குமட்டிக்கொண்டு வந்துவிடும். காய்ச்சல் வந்தால் போர்த்திக்கொண்டு படுப்பான், அது போனதும் எழுந்திருப்பான். இதைக் கேப்சூல் தன் தொழிலுக்கே நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டார். ஒருநாள் கடைக்குப் பெயின்ட் அடிக்க வந்தவன் பாதிச் சுவரில் கிரிக்கெட் பார்க்கப் போய்விட, திரும்பி வந்ததும் நாலு பேர் முன்னால் “தண்டச்சோறு” என்றார். மச்சினன் பிரஷ்ஷைக் கழுவி எடுத்துக்கொண்டு போனவன்தான். அதன்பிறகு அந்த வாசல்படி மிதிக்கவில்லை.

கேப்சூலுக்குச் சனி பல்வலியாக வந்தது. கடையிலேயே வீரியமான ஒன்றைப் போட்டுக்கொண்டார். வலி போய்விட்டது, இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று அதைவிட வீரியமான இன்னொன்றையும் போட்டார். பிறகு வயிறு போக ஆரம்பித்தது. வயிற்றுப்போக்கு என்றால் கிருமி, கிருமி என்றால் ஆன்டிபயாடிக் என்று அதற்கும் ஒரு பட்டையை உடைத்தார். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றிவிட்டு ஏன் அணையவில்லை என்று குனிந்து பார்த்த கதைதான். பாதி நேரம் கடை ஷட்டர் பாதி இறங்கியே கிடந்தது. பின்னாலிருக்கும் கழிவறையிலிருந்து “வெயிட் பண்ணுங்க” என்று குரல் மட்டும் வரும். இடுப்பில் பேன்ட் நிற்காமல் போனபோதுதான் மனைவி அவரை ஆட்டோவில் ஏற்றினாள்.

ஆஸ்பத்திரியில் குடல் டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். மனிதக் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. பெரும்பாலானவை சாதுவான ஜனங்கள், நமக்கு வேலை செய்து கொடுத்துவிட்டு ஒரு ஓரமாக இருப்பவை. இவர் போட்ட மாத்திரைகள் அவர்களைக் கூண்டோடு காலி செய்துவிட்டன. ஆளில்லாத அந்த இடத்தை ஒரு ரவுடிக் கிருமி வளைத்துப்போட்டு, விஷத்தைக் கக்கிக் குடலைப் புண்ணாக்குகிறது. அதைக் கொல்லவும் மருந்து உண்டு. கொடுத்தார்கள். மருந்து இருக்கும்வரை பதுங்கியது, நிறுத்தியதும் திரும்பி வந்தது. மறுபடி கொடுத்தார்கள், மறுபடியும் வந்தது. மூன்றாம் முறை காய்ச்சலும் ரத்தமும் சேர்ந்துகொண்டன. இப்படியே போனால் குடலை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும், இவர் இருக்கிற நிலையில் அதைத் தாங்குவது கஷ்டம் என்று டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். மிச்சமிருந்தது ஒரே வழி. ஆரோக்கியமான ஒருவரின் மலத்தை வாங்கி, சோதித்து, கரைத்து, வடிகட்டி, குழாய் வழியாக இவர் குடலில் விடுவது. நல்ல ஜனங்கள் மறுபடி குடியேறினால் ரவுடிக்கு இடமிருக்காது.

கேப்சூல் முதலில் இதைக் கிண்டல் என்று நினைத்தார். டாக்டரம்மா சிரிக்காததைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்தது.

கொடுப்பவர் சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கக் கூடாது, அதுதான் முதல் நிபந்தனை. படுக்கையைச் சுற்றிக் குடும்பமே நின்றது. தம்பி போன மாதம் இருமலுக்குச் சாப்பிட்டிருந்தான். மனைவி நீர்க்கடுப்புக்கு. பெரியவன் முகப்பருவுக்கு, சின்னவன் எதற்கென்றே தெரியாமல். பார்க்க வந்திருந்த தையல்காரர்கூட விரலில் ஊசி குத்தியதற்கு ஒரு பட்டை முடித்திருந்தார். யார் கொடுத்தது என்று டாக்டரம்மா ஒவ்வொருவரிடமும் கேட்டார். எல்லாரும் படுக்கையைப் பார்த்தார்கள்.

“என் தம்பி இருக்கான்” என்றாள் மனைவி.

கேப்சூல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். செத்தாலும் சாவேனே தவிர அவனிடம் போய்க் கேட்க மாட்டேன் என்றார். அன்று மாலைக்குள் படுக்கை விரிப்பை நாலு தடவை மாற்றினார்கள். கடைசித் தடவை அவரால் புரளக்கூட முடியவில்லை. சரி, நீயே கேள் என்று முனகினார்.

“நான் கேக்க மாட்டேன். திட்டினது நீங்க, கேக்கறதும் நீங்கதான்.”

மச்சினன் முழங்கை வரை பெயின்ட்டோடு வந்து நின்றான். என்ன வார்த்தையில் கேட்பது என்று கேப்சூலுக்குத் தெரியவில்லை. உன்னிடமிருந்து ஒரு சாம்பிள் வேண்டும் என்று இழுத்தார். ரத்தமா என்று அவன் சட்டைக்கையை மடித்தான். மனைவி பொறுக்கமாட்டாமல் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். அவன் அக்காவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டான்.

அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போனை எடுக்கவில்லை. கேப்சூல் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தார். வயிற்றுவலி பழகிவிட்டது, பயம் பழகவில்லை. எத்தனையோ பேருக்கு ஒண்ணுமில்லை சரியாயிடும் என்று சொன்ன வாய், அந்த ஒரு வார்த்தையைத் தனக்குச் சொல்லிக்கொள்ள முடியாமல் கிடந்தது. மனைவி இல்லாத நேரத்தில் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதார்.

அதற்கு அடுத்த நாள் டாக்டரம்மா வந்து, உங்கள் மச்சினன் சோதனையெல்லாம் பாஸ், அப்படியொரு வயிற்றை லேபில் யாரும் பார்த்ததில்லை என்றார்.

காரியம் சீக்கிரமே முடிந்தது. கேப்சூல் மயக்கத்தில் இருந்ததால் அவருடைய மானத்துக்குச் சேதாரம் குறைவு. வார முடிவில் அவர் எழுந்து உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டு, கழிவறைப் பக்கமே பார்க்காமல் ஒரு பகல் முழுவதையும் ஓட்டினார். செய்தி தெருவெல்லாம் பரவி, தையல்காரர் வாய் ஓயாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

மச்சினன் பார்க்க வந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருக்கு வைத்திருந்த பழத்தைக் கேட்காமலே உரித்துத் தின்றான். கேப்சூல் நன்றி சொல்ல வாயெடுத்து, அது வராமல், ஏன் ரெண்டு நாள் தகவலே இல்லை, லேபில் அவ்வளவு நேரமா ஆயிற்று என்று கேட்டார்.

“லேபுக்கு நீங்க கேட்ட அன்னிக்கே போயிட்டேன் மாமா. இங்கேருந்து நேரா அங்கதான் போனேன். உங்ககிட்ட நானே சொல்லிக்கறேன்னு டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன்.”

“அப்புறம் ஏன்டா சொல்லலை?”

“நீங்க கொஞ்சம் பயப்படட்டும்னுதான்.”

கேப்சூலின் மூக்கு விடைத்தது. வழக்கமான வசவு தொண்டை வரை வந்தது. பிறகு அவர் கையை நீட்டி, பெயின்ட் காய்ந்த அந்த முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“ரொம்பப் பயந்துட்டேன்டா” என்றார்.