இரண்டு குடும்பங்கள் தயார்

1974 ஜூன் மாதம் வேதநாயகத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. சாந்தோமுக்கும் அடையாற்றுக்கும் நடுவே ஒரு சின்னப் பங்கில் இருபத்தாறு வருடமாக உபதேசியார். குழந்தைக்கு ஞானஸ்நானம் கேட்டு வரும் பெற்றோரைத் தயார் செய்வது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் இருந்த பள்ளிக்கூட அறையில் வகுப்பு நடக்கும். மீன் விற்பவர்கள், வலை இழுப்பவர்கள், பெரிய வீட்டுச் சமையற்காரர்கள், கடைச் சிப்பந்திகள் எல்லோரும் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து கேட்டார்கள்.

பழைய முறையில் சாமியார் லத்தீனில் கேட்பார், ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் பதில் சொல்வார்கள், பெற்றவள் பெரும்பாலும் வீட்டில் படுத்திருப்பாள். சடங்கு தமிழுக்கு மாறிய பிறகு கேள்வி நேரே பெற்றோரிடம் வந்தது. "விசுவசிக்கிறீர்களா?" என்று கேட்டால் தகப்பன் தன் வாயால் "விசுவசிக்கிறேன்" என்று சொல்லியாக வேண்டும். வேதநாயகம் இதை இறுகப் பிடித்துக்கொண்டார். ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் ஒவ்வொரு தகப்பனையும் மனைவி, மாமியார் இல்லாமல் தனியே அழைத்துப் போய் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லச் சொல்வார். முகத்தைப் பார்ப்பார். பிறகு பங்குச் சாமியார் சிங்கராயர் எத்தனை குடும்பம் தயார் என்று கேட்பார். உபதேசியார் விட்டுவிட்ட குடும்பம் அடுத்த மாதம்வரை காத்திருக்கும். சாமியார் காரணம் கேட்டதே இல்லை.

அந்த மாதம் மூன்று குடும்பங்கள். மூன்றாவது, அவருடைய மகன் குடும்பம்.

மகனுக்கு அவர் வைத்த பெயர் சூசைமாணிக்கம். அச்சாபீசில் எழுத்துக் கோக்கப் போனவன் பகுத்தறிவுக் கூட்டங்களுக்குப் போய்ப் பழகி, மேடையேறிப் பேசவும் கற்று, வெறும் மாணிக்கம் ஆனான். சிந்தாதிரிப்பேட்டையில் பாஞ்சாலி என்ற இந்துப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். தாய் மிக்கேலம்மாள் செத்தபோது வந்தவன் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

மாசியில் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத் தண்ணீர் பெறாமல் சாகும் குழந்தைக்குப் பரலோகம் இல்லை என்று கற்று வளர்ந்தவர் வேதநாயகம். இப்போதைய சாமியார்கள் அதை மென்று விழுங்கிப் பேசினாலும் அவருக்கு அந்தப் பயம் அப்படியே இருந்தது. பேத்திக்கு இருமல் என்று கேள்விப்பட்டால் அன்று சோறு இறங்காது. சிந்தாதிரிப்பேட்டைக்கு நடையாய் நடந்து கெஞ்சினார். கடைசியில் மாணிக்கம் சரி என்றான். குழந்தைக்கு மிக்கேலம்மாள் என்றே பெயர் வைக்கலாம் என்று பாஞ்சாலி சொன்னாள்.

வகுப்பில் எந்தக் கேள்விக்கும் முதல் பதில் பாஞ்சாலியிடமிருந்துதான் வந்தது. பக்கத்தில் மீன்காரி அந்தோணியம்மாள், மடியில் கைக்குழந்தையோடு.

"இன்னாடி இது, எங்களையே தூக்கி சாப்ட்ருவ போலகீதே! நான் பொறந்ததுலேர்ந்து வேதக்காரி. எனக்கே பத்து கட்டளைல நாலு மறந்துபோச்சு."

"மறந்துச்சா அக்கா, வேணும்னே வுட்டுட்டியா?" என்றாள் பாஞ்சாலி.

பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. அந்தோணியம்மாள் சும்மா விடவில்லை. "உபதேசியாரே, போன மாசம் எம் புருசன் வாயத் தொறக்கறதுக்குள்ள திருப்பி அனுப்பிட்டியே. உம் புள்ளைக்கும் அதே தராசுதானா, இல்ல ஊட்டுக்குன்னு வேற கீதா?"

"அதேதான்" என்றார் வேதநாயகம். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மகனைக் கடற்கரைக்கு அழைத்துப்போனார். கட்டுமரங்கள் ஏறியிருந்த மணலில் இருவரும் நின்றார்கள்.

"சொல்லு."

"விசுவசிக்கிறேன்" என்றான் மாணிக்கம், சட்டென்று.

"மனசுல கீதா?"

மாணிக்கம் சிரித்தான். "இன்னா நைனா, உனக்குத் தெரியாதா? மேடை போட்டுப் பேசிக்கினு கீறவன் நான். நாளைக்கு எவனாவது பாத்தான்னா மானம் போவும். இருந்தும் வந்து நிக்கிறேன்றேன். வேற யாருக்காவது செய்வேனா?"

"அப்ப அது பொய்."

"பொய்தான். உனக்காகச் சொல்ற பொய். எடுத்துக்கயேன்."

இத்தனை வருடத்தில் மகன் அவருக்கென்று ஒன்றைக் கொண்டுவந்து நீட்டியது அதுதான் முதல் தடவை. வேதநாயகம் அவன் முகத்தைப் பார்த்தார். அதில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்று என்று சொல்லத்தான் அவர் சாமியார் பங்களாப் படியேறினார்.

"எத்தனை, உபதேசியாரே?"

"இரண்டு குடும்பங்கள் தயார்."

சிங்கராயர் நிமிர்ந்தார். முதன்முறையாகக் கேட்டார். "எது இல்ல?"

"என் குடும்பம், சாமி."

"அந்தப் பொண்ணு அவ்வளவு ஆசையா படிக்குதே?"

"அவ தண்ணி வாங்காதவ. அவன் நம்பாதவன். யார் சாமி அந்தப் பிள்ளைய நம்ம வேதத்துல வளக்கறது?"

"நீர் வளப்பேன்னு சொல்லும். அது எனக்குப் போதும்."

சாமியார் வழி விட்டுத்தான் கொடுத்தார். வேதநாயகம் மறுத்துத் தலையாட்டினார். "பேத்தி சிந்தாதிரிப்பேட்டைல இருக்கா. நான் மாசத்துக்கு ஒருக்கா பாக்கறேன். வளப்பேன்னா அதுவும் பொய்தான், சாமி."

மகனும் மருமகளும் அன்றிரவு அவர் வீட்டில் தங்குவதாக இருந்தார்கள். பாஞ்சாலி வெள்ளைக் கவுனை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதைக் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, நான் எல்லாம் மனப்பாடம் பண்ணினேனே. அவரு நம்பலைன்னா எம் புள்ளைக்கு இன்னாத்துக்கு தண்டனை?"



மாணிக்கம் நிதானமாகத்தான் கேட்டான். "வேற எவனாவது இப்படிச் சொல்லியிருந்தா திருப்பி அனுப்பியிருப்பியா?"

"ஆமா."

"அப்ப நானும் எவனோதான்." அவன் பையைத் தேடப் போனான்.

பாஞ்சாலி சாமான்களை எடுத்துவைக்கும்வரை குழந்தை அவர் மடியில் கிடந்தது. கையெட்டும் தூரத்தில் தண்ணீர்ப் பானை. சாகக் கிடக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று வகுப்புக்கு வகுப்பு சொல்லிக்கொடுத்தவர் அவர். பேத்தி நன்றாக இருந்தாள். அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பாஞ்சாலி கேட்டபோது தூக்கிக் கொடுத்தார். கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அவர்கள் போய்விட்டார்கள்.

மறுநாள் அந்தோணியம்மாளின் புருசன் கோயில் அதிர "விசுவசிக்கிறேன்" என்றான். வேதநாயகம் பக்கத்தில் மெழுகுவர்த்தியோடு நின்றார். செய்தது சரி என்றால் உள்ளே எங்காவது ஒரு அமைதி வரும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். அன்று வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. ஜபமாலை எடுத்தால் பேத்தியின் இருமல்தான் காதில் கேட்டது. சிந்தாதிரிப்பேட்டைக்கு இரண்டு முறை போனார். இரண்டு முறையும் பாஞ்சாலி காப்பி கொடுத்தாள், குழந்தை தூங்குகிறது என்றாள். உள் அறையில் அது சிரிக்கும் சத்தம் கேட்டது.

ஆடி மாதம் சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போய்வந்த அந்தோணியம்மாள் கூடையை இறக்காமலேயே சொன்னாள். "உம் பேத்திக்கு மொட்டை அடிச்சி காது குத்திக்கினு இருந்தாங்க, தெருமுனை அம்மன் கோயில்ல. உம் புள்ள பக்கத்துல கைகட்டிக்கினு நிக்கிறான்."

"அவன் அதையும் நம்பறவன் இல்லையே."

"மாமியா கேட்டுச்சாம், வந்து நின்னானாம். நீ நம்பறியா இல்லியான்னு அங்க யாரு கேக்கறாங்க?" சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தவள், கூடையைச் சரிசெய்துகொண்டு போனாள்.

காதுகுத்துக்கு அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை. அந்த வருடக் கடைசியில் மாணிக்கத்துக்கு சேலத்தில் ஓர் அச்சாபீசில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போய்விட்டான்.