முன்பக்கம் பாய்ந்த குண்டு

என் வீட்டுக்காரர் போர் விமானிகளைப் பற்றி மூன்று புத்தகம் எழுதியவர். ஏணியில் இரண்டாவது படி ஏறினாலே அவருக்குத் தலை சுற்றும். பரணிலிருந்து பெட்டி இறக்க நான்தான் ஏற வேண்டும். கட்டிலுக்கு அடியில் எல்லாம் நொறுங்கிய விமானங்களின் துண்டுகள். "இரும்புக்கடைக்காரரே, சாப்பிட வாங்க" என்றுதான் கூப்பிடுவேன்.

நான்காவது புத்தகம் ஒரு பெண்ணால் ஆரம்பித்தது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது போரில் காணாமல் போனவர் அவள் அப்பா. சண்டைக்குப் பயந்து ஓடிவிட்டார் என்று பேர். கூடவே பறந்த படைத்தலைவர் ஒருவர்தான் அதற்குச் சாட்சி. அவரேதான் பிறகு அவளைப் படிக்க வைத்துக் கல்யாணமும் செய்து வைத்தார். சொந்தம் இல்லாவிட்டாலும் அவள் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"அப்பா ஓடலைன்னு மட்டும் எழுதிக் குடுங்க சார். வேற எதுவும் வேணாம்" என்று என் சமையலறையில் நின்று அழுதாள்.

அந்தக் கோடையில் ஏரி வற்றி, சேற்றில் ஒரு விமானம் தலைகாட்டியது. எஞ்சின் எண் அவள் அப்பாவினுடையது. எஞ்சினுக்குள் ஒரு குண்டு சிக்கியிருந்தது, முன்பக்கமாக வந்து பாய்ந்தது. ஓடுகிறவனுக்கு முதுகில்தானே படும்? இவர் சின்னப் பிள்ளை மாதிரி துள்ளினார். குண்டைக் கழுவி அளந்ததும் முகம் செத்துப்போயிற்று. அந்த அளவுக் குண்டு எதிரியிடம் கிடையாது. அன்று அங்கே பறந்த நம் விமானங்களோ இரண்டே இரண்டு.

"எதிரி சுட்டான்னு எழுதிடுங்களேன், யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்றேன்.

"அது வரலாறு இல்ல, வாய்க்கு வந்த கதை" என்று எரிந்து விழுந்தார்.

படைத்தலைவர் படுத்த படுக்கையாக இருந்தார். இவர் கொண்டுபோன குண்டைக் கையில் வாங்கி, விரலால் தடவிப் பார்த்தார்.

"எனக்கு உதவிக்குத்தான் திரும்பி வந்தான். மேகத்துக்குள்ளேர்ந்து நேரா வரவும் எதிரின்னு நெனச்சுட்டேன். விழும்போதுதான் தெரிஞ்சுது. பயத்துல, ஓடிட்டான்னு சொல்லிட்டேன். எழுதிக்கோங்க. அவகிட்ட சொல்ல மட்டும் எனக்கு வாய் வராது."

இவர்தான் சொன்னார். கூடத்தில் அவளை உட்காரவைத்து, எதையும் மறைக்காமல் சொன்னார். அவள் அழவில்லை.

"கல்யாணத்துல என் கையைப் புடிச்சுக் குடுத்தது பெரியப்பாதான்" என்றாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"ஓடலைன்னு மட்டும்தானே சார் கேட்டேன்?"

அன்று இவர் சாப்பிட வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.