ஷிஷ்காவின் நகர்வலம்

இனி மலை ஏறக்கூடாது என்று இதய டாக்டர் சொன்ன பிறகு ஷிஷ்கா சில வாரங்கள் எங்களில் யாருடைய போனையும் எடுக்கவில்லை. ஜூன் மாதத்தில் ஒருநாள் அவனே கூப்பிட்டான்.

"சோய்கா, சனிக்கிழமை வாண்டர் போறோம். பெரிய பைய எடுத்துக்க."

"எந்தக் காட்டுக்குடா? உனக்குத்தான் ஏறவே கூடாதுன்னுட்டாங்களே."

"காடு இல்ல. ஒலோமொட்ஸ்."

ஒலோமொட்ஸ் நாங்கள் குடியிருக்கிற ஊர். அவன் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு டிராமில் நாலு நிறுத்தம். அங்கே முதுகுப்பையோடு எங்கே போவது?

வாண்டர் என்றால் எங்களுக்கு வார இறுதி. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறி, யெசெனிக் மலைக்காட்டில் இறங்கி நடப்போம். நெருப்பு மூட்டி, சாசேஜ் வாட்டித் தின்று, வானத்தின் கீழ் படுத்துவிட்டு, ஞாயிறு மாலை புகைநாற்றத்தோடு திரும்புவோம். புதிதாக வருபவருக்கு முதல் நெருப்பின் முன்னால் ஒரு பெயர் விழும். அதன்பிறகு அடையாள அட்டையில் என்ன பெயர் என்று யாரும் கேட்பதில்லை. கேட்பது சம்பளம் கேட்பதைவிட அநாகரிகம். ஷிஷ்காவின் முதல் இரவில் சூப் கிண்ணத்துக்குள் ஒரு பைன்காய் விழுந்தது; பைன்காய்க்கு எங்கள் செக் மொழியில் ஷிஷ்கா. நான் ஓயாமல் பேசுகிறவள் என்பதால் சோய்கா, கத்திக்கொண்டே இருக்கும் ஒரு காட்டுப்பறவை. எங்களில் மூன்றாமவன் ரெஸ்; ரெஸ் என்றால் துரு. அந்தச் செம்பட்டை முடியெல்லாம் கொட்டிவிட்டது, பெயர் மட்டும் இருக்கிறது. நாற்பது வருடப் பழக்கத்தில் ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

ஷிஷ்கா டிராம் ஓட்டினான். வேலையில் சேர்ந்த நாள்முதல் ஓய்வு பெறும்வரை அதே ஊர், அதே தண்டவாளம். வெள்ளிக்கிழமைகளில் பணிமனையிலேயே உடை மாற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுவான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பெண் இருந்தாள், நல்லவள். நானா சனிக்கிழமையா என்று அவள் ஒருநாள் கேட்டதாகவும், யோசிக்கிறேன் என்று இவன் சொன்னதாகவும், யோசித்து முடிப்பதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டதாகவும் சொல்லிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு முழுச் சிரிப்பு இல்லை என்று எனக்குப் படும்.

அந்தச் சனிக்கிழமை ரெஸ் தன் ஊரான ஷும்பெர்க்கிலிருந்து ரயிலில் வந்து இறங்கினான். வாண்டர் ரயில் நிலையத்தில்தான் தொடங்க வேண்டும் என்று ஷிஷ்கா பிடிவாதமாகச் சொன்னதால், இரண்டு நிறுத்தம் தள்ளி வசிக்கும் நானும் சட்டியும் போர்வையும் கட்டிக்கொண்டு அங்கே போய் நின்றேன்.

"இந்த ஊர்ல நான் நடந்ததே இல்ல," என்றான் ஷிஷ்கா. "ஓட்டித்தான் இருக்கேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர் இருந்துச்சு, இருக்கான்னு பாப்போம்."

"பாத்துட்டு?" என்றான் ரெஸ்.

"கீழ்ச் சதுக்கத்துல என் தங்கச்சி வீடு. அதுதான் கடைசி நிறுத்தம். அவகிட்ட ஒண்ணு கேக்கணும்."

"போன்ல கேக்கக்கூடாதா?"

"போன்ல கேட்டா மாட்டேன்னு சொல்றது சுலபம்."

என்ன கேட்கப்போகிறான் என்பதை மொராவா ஆற்றுப் பாலத்தின்மேல் மூச்சு வாங்க நின்றபோது சொன்னான். எங்கள் ஊர்களில் ஒருவர் இறந்தால் கறுப்புக் கட்டம் போட்ட அறிவிப்பை மாதாகோவில் பக்கத்திலும் கடைத்தெருவிலும் கண்ணாடிப் பலகைக்குள் வைப்பார்கள். அதை எழுதுவது வீட்டு ஆள். அவனுக்கு வீட்டு ஆள் அந்தத் தங்கை ஒருத்திதான்.

"அட்டையில இருக்கற பேர மட்டும் போட்டா, காட்டுல ஒருத்தனுக்கும் நான் போனது தெரியாது. யாரோ ஒரு கெழவன் செத்தான்னு படிச்சுட்டு பீர் குடிக்கப் போயிடுவானுங்க. கீழ ஷிஷ்கான்னு ஒரு வரி வேணும். அவ்வளவுதான்."

"இதுக்கா இவ்வளவு பீடிகை? நாங்களே அச்சடிச்சு ஒட்டிடறோம்," என்றான் ரெஸ்.

"நீங்க ஒட்டறது வேற. அவ எழுதணும்."

பேராலயத்துப் பக்கம் ஏறி, கற்கள் பாவிய சந்துகள் வழியாக மெதுவாக நடந்தோம். மேல் சதுக்கத்தில் ஆமைச் சிலை ஒன்று உண்டு, குழந்தைகள் ஏறி ஏறி அதன் முதுகு பளபளக்கும். ஷிஷ்கா அதன்மேல் உட்கார்ந்து இளைப்பாறினான். இரண்டு குழந்தைகள் தங்கள் முறைக்காக வரிசையில் நின்றன. ஒரு பெரிய சுற்றுலாக் கூட்டம் எங்களைப் புகைப்படம் எடுத்தது.

பக்கத்து உணவகத்து மேசையில் பீர் சொன்னோம். அதோடு நிற்காமல் ரெஸ் தன் பையிலிருந்து எங்கள் ஊர் நாற்றச் சீஸைப் பிரித்தான். பரிமாறுகிற இளைஞன் எங்கள் பைகளைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் என்று நினைத்து, ஆங்கிலத்தில் மெல்ல மெல்ல, கைஜாடையோடு, வெளிச்சாப்பாடு கூடாது என்றான். ஷிஷ்கா ஒன்றும் புரியாதவன்போல் விழித்தான். பையன் உள்ளே திரும்பி எங்கள் மொழியில் கத்தினான்:

"இந்த மூணு கெழடும் குளிச்சு ஒரு மாசம் இருக்கும்போல!"

"நாத்தம் எங்களோடது இல்ல தம்பி, சீஸோடது," என்றான் ஷிஷ்கா எங்கள் வட்டாரத்துச் சுத்தமான ஹனாப் பேச்சில். "நாங்க நேத்துதான் குளிச்சோம். இவன மட்டும் கணக்குல சேக்காத."

பையன் முகம் சிவந்து, அடுத்த சுற்றுக்குக் காசு வாங்கவில்லை. அன்று முழுவதும் ஷிஷ்கா சிரித்தது அங்கே மட்டும்தான்.

கீழ்ச் சதுக்கத்து வீட்டில் அவன் தங்கை யார்மிலா கதவைத் திறந்தாள். ஒல்லியான, நேர்த்தியான பெண். மருந்துக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

"போல்டிக், என்ன இது கோலம்? ஊரே பாக்குது."

"யாருடி போல்டிக்?" என்றான் ரெஸ் என் காதில்.

"இவன்தான்டா. வாய மூடு."

வாசலில் பூட்ஸைக் கழற்றினோம். ரெஸ்ஸின் காலுறையில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது. அவன் அதை மற்றக் காலால் மறைத்துக்கொண்டே நடந்தான். யார்மிலா எங்களுக்கு வீட்டுக்குள் போடும் செருப்பு கொடுத்தாள், காபியும் பாபொவ்கா கேக்கும் வைத்தாள். ஷிஷ்கா சுற்றி வளைக்கவில்லை. பாலத்தில் எங்களிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னான்.

அவள் கேக் துணுக்குகளை விரலால் மேசையில் ஒன்றுசேர்த்தாள்.

"அந்தப் பேர நான் மொதல்ல யார் வாயில கேட்டேன்னு உனக்கு நெனப்பிருக்கா?"

"இருக்கு."

"இவங்களுக்குத் தெரியாதுல்ல." எங்கள் பக்கம் திரும்பினாள். "போலீஸ்காரன் வாயில. அம்மா மாவு பெசஞ்ச கையோட கதவத் தொறந்தா. 'இங்க ஷிஷ்கான்னு ஒருத்தன் இருக்கானாமே'ன்னான். அந்த வருஷம்தான் நான் மருத்துவப் படிப்புக்கு எழுதிப் போட்டேன். பரீட்சையில நல்ல மார்க்கு. எடம் கெடைக்கல."

கம்யூனிஸ்டுகள் ஆண்ட அந்தக் காலத்தில் எங்களைப் போலக் காட்டுக்குப் போகிறவர்களைப் போலீசுக்குப் பிடிக்காது. கொடி இல்லாமல், தலைவர் இல்லாமல், அனுமதி வாங்காமல் சிலர் கூடி உட்கார்ந்து கிடார் வாசிப்பதே அவர்களுக்குச் சந்தேகம். எங்கள் எல்லார் வீட்டுக்கும் ஒரு தடவையாவது வந்திருக்கிறார்கள். போலீஸ் வந்துபோன வீட்டுப் பிள்ளைகளுக்கு மேல்படிப்பு கிடைக்காமல் போவதும் உண்டு. ஆனால் எங்கள் வீடுகளில் மருத்துவம் படிக்க விரும்பிய தங்கை இல்லை.

"அதனாலதான்னு எனக்குத் தெரியாது, யார்மிலா," என்றான் அவன் தணிந்த குரலில்.

"எனக்கும் தெரியாது. யாரும் காரணம் சொல்லல. அதனாலதான்னு தெரிஞ்சிருந்தா உன்னத் திட்டித் தீத்திருப்பேன். இல்லன்னு தெரிஞ்சிருந்தா மறந்திருப்பேன். ரெண்டுக்கும் வழியில்லாம போச்சு." கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வேற என்ன வேணா கேளு போல்டிக். அந்தப் பேர என் கையால எழுதச் சொல்லாத."

"சரி," என்றான். இன்னொரு துண்டு கேக் கேட்டு வாங்கித் தின்றான்.

கீழே இறங்கி நீரூற்றின் விளிம்பில் உட்கார்ந்தபோது ரெஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஷிஷ்கா கையால் தடுத்தான். "அவள வற்புறுத்தாதீங்க. நான் இல்லாதப்பவும்." பிறகு பையைத் தூக்கினான். ரெஸ் பிடுங்கப் பார்த்தான். விடவில்லை.

அக்டோபரில் ஒரு காலை, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. ஒரு பெண் குரல் தயங்கித் தயங்கிக் கேட்டது: "நீங்க... சோய்காவா? மன்னிக்கணும், அவன் போன்ல அப்படித்தான் இருக்கு."

யார்மிலாதான். ஷிஷ்கா தூக்கத்திலேயே போய்விட்டான். கண்ணாடிப் பலகையில் அறிவிப்பைப் பார்த்தேன். லெயோபோல்ட் நவ்ராட்டில், ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர். கீழே ஒரு வரியும் இல்லை. அந்த முழுப்பெயரை அன்றுதான் முதன்முதலில் படித்தேன். நல்ல பெயர்தான். யாரோ ஒருவருடைய பெயர்.

ரெஸ் தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தான். அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்குச் சொன்னார்கள். ஷிஷ்காவுக்கு வெள்ளிக்கிழமை மதியம், ஒலோமொட்ஸ் தகன மண்டபம். யாரும் வேறு பெயர் கேட்கவில்லை, ரெஸ்ஸும் சொல்லவில்லை. எங்கள் வழக்கம் அப்படி.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் முன்வரிசையில் யார்மிலா, பின்னால் சில அண்டை வீட்டார், பணிமனை ஆட்கள் இரண்டு பேர், ரெஸ், நான். மற்ற நாற்காலிகள் காலி. இசை தொடங்கிவிட்டது.

"எல்லாருக்கும் சொன்னேனே," என்றான் ரெஸ். யார்மிலா ஒருதடவை திரும்பி அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்தாள். எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே போனேன்.

வெளியே, மரங்களின் கீழ், ஒரு கூட்டம் நின்றிருந்தது. முதுகில் பைகள், கையில் தொப்பிகள். கிழவர்கள், கிழவிகள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள்கூட. சத்தமே இல்லை. லோய்ஸா மலையடிவாரத்திலிருந்து வந்த குள்ளன் ஒருவன் என்னிடம் வந்து கிசுகிசுத்தான்:

"சோய்கா, ஷிஷ்காவோடது எத்தன மணிக்கு? உள்ள இப்ப யாரோ நவ்ராட்டிலோடது நடக்குதுன்னு பலகையில போட்டிருக்கு. பாவம், அது முடியட்டும்னு ஒதுங்கி நிக்கறோம்."

நான் பதில் சொல்வதற்குள் அவன் என் தோளுக்குப் பின்னால் பார்த்தான். யார்மிலா வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. பைகளையும் தொப்பிகளையும் அந்த மௌனத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஷிஷ்கா," என்றாள். நாக்குக்குப் பழகாத சொல்லைச் சொல்வதுபோல இருந்தது. "ஷிஷ்கா உள்ளதான் இருக்கான். நான் அவன் தங்கச்சி. பேரு போடாம விட்டது நான்தான். வாங்க, குளிருது."

மண்டபத்து ஊழியர் கடிகாரத்தைக் காட்டினார். "அம்மா, அடுத்தவங்க காத்திருக்காங்க."

"இவங்களும்தான் காத்திருந்தாங்க," என்றாள்.

பைகளைச் சுவரோரம் இறக்கி வைத்தார்கள். தகரக் குவளைகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் இசையை மூடிவிட்டது. நாற்காலிகள் போதவில்லை. அந்தக் குள்ளன் யார்மிலாவின் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தான். சவப்பெட்டியின்மேல் எழுதியிருந்த பெயரைப் படித்துவிட்டு அவள் பக்கம் சாய்ந்தான்.

"லெயோபோல்டா? நெசமாவே அவன் பேரு லெயோபோல்டா?"

"ஆமா."

"ஐயோ பாவம்," என்றான், மனப்பூர்வமாக.

யார்மிலா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.