சேனை வைக்கச் சொன்ன அத்தை

விபூதிச் சம்புடம் அளவுக்கு ஓர் எவர்சில்வர் கிண்ணம். அதில் பாதி வரைக்கும் சீனித் தண்ணீர். துவைத்துத் துவைத்து மெலிந்துபோன வேட்டித் துணியில் ஒரு துண்டைக் கிழித்து அதன் மேல் மூடியிருந்தார்கள். பிரசவ வார்டின் வாசலில் அந்தக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்த அத்தை நின்ற நிலை இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அத்தை என்றால் என் அத்தை இல்லை. அன்று காலை நான் பிரசவம் பார்த்த பெண்ணுடைய வீட்டுக்காரரின் அக்காள், பிறந்த குழந்தைக்கு அத்தை. பெயர் கேஸ் ஷீட்டில் எங்கேயும் வராததால் எனக்கு அவர் அத்தையாகவே நின்றுவிட்டார்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு தாலுகா அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் ஆஸ்பத்திரியைக் குறை சொன்னதாக ஆகிவிடும். தப்பு ஆஸ்பத்திரியுடையது இல்லை. அன்றைக்குக் காலை ஏழு மணி டூட்டி. உள்ளே நுழையும்போதே மூன்று பேர் வலியோடு இருந்தார்கள். அத்தை கூட்டி வந்திருந்த பெண்ணுக்கு இருபது, இருபத்தொரு வயதிருக்கும். அன்னவாசல் பக்கம் ஒரு கிராமம். புருஷன் குவைத்தில். முதல் பிரசவம். எட்டு மணிக்கு முன்னால் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். சின்னக் குழந்தைதான், ஆனால் நன்றாக அழுதது. துடைத்து, சுற்றி, தாயின் மார்பில் போட்டேன். குழந்தை வாய் வைப்பதற்குள் அடுத்த கட்டிலில் இருந்தவளுக்கு ரத்தப்போக்கு தொடங்கிவிட்டது. தாயையும் பிள்ளையையும் வார்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு அங்கே ஓடினேன். ஓடுகிற அவசரத்தில் கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதினேன்: தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கியாயிற்று. தினமும் எழுதுகிற வரி. கை தானாக எழுதிவிடும்.

ஒன்பது மணி சுமாருக்குப் பஞ்சு எடுக்க வெளியே வந்தபோதுதான் அத்தை கிண்ணத்தோடு நின்றார். பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாக இனிப்பைத் தொட்டு வைப்பதை எங்கள் பக்கம் சேனை வைப்பது என்போம். யார் வைக்கிறார்களோ அவர்களுடைய குணம் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. அதனால் ஆள் பார்த்துத்தான் வைக்கச் சொல்வார்கள். வீட்டுக்கு வீடு இதில் நடக்கிற போட்டியையும் மனத்தாங்கலையும் எழுதினால் தனிப் புத்தகமாகும். அத்தைதான் சேனை வைக்க வேண்டும் என்று அந்த வீட்டில் முன்பே பேசி முடித்திருந்தார்களாம். அவர் அதை எனக்கு விட்டுக்கொடுக்க வந்திருந்தார்.

"என்னைய மாதிரி வேணாம் சிஸ்டர். எனக்கு வாய் பெருசு. வாக்கப்பட்ட எடத்துலயும் நெலைக்கல, பொறந்த எடத்துலயும் ஒட்டல. வலியில அவ அந்தக் கத்து கத்துறா, நீங்க ஒரு வார்த்த கடிஞ்சு பேசலையே. பிள்ள ஒங்கள மாதிரி வரட்டும். ஒரு சொட்டு வச்சுட்டுப் போயிருங்க."

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. கர்ப்பிணிகளுக்கு வாரா வாரம் நான் எடுக்கிற வகுப்பில் சேனை கூடாது, தேன் கூடாது, தாய்ப்பாலைத் தவிர எதுவுமே கூடாது என்று தொண்டை வறளப் பேசுகிறவள் நான். என்னிடமே வந்து கேட்டால்? கடிந்து பேசாதவள் என்று அவர் சொல்லி முடித்த அதே இடத்தில், வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். சீனித் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போனதாகத் தெரிந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுவேன் என்றேன். வாய் பெரிது என்று தன்னைப் பற்றிச் சொன்ன மனுஷி, ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் துணியை இன்னும் இழுத்து மூடிக்கொண்டு நகர்ந்து நின்றார். சொல்லிப் புரியவைத்துவிட்டேன் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு மணிக்கு என் டூட்டி முடிய வேண்டும். ரத்தப்போக்குக்காரிக்கு ரத்தம் ஏற்றி, ஆள் தேறி, ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப இரண்டரை ஆகிவிட்டது. வெள்ளை உடுப்பை மாற்றி, சேலை கட்டி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தால் அதே வாசல், அதே கிண்ணம்.

"இப்ப நீங்க டூட்டில இல்லல்ல சிஸ்டர்" என்றார் அத்தை. முகத்தில் அத்தனை சந்தோஷம். உடுப்போடு இருக்கிறவள் எப்படி வைப்பாள், டாக்டருக்குப் பயப்படத்தானே செய்வாள், உடுப்பைக் கழற்றியதும் வைப்பாள் என்று அவர் தனக்குத்தானே ஒரு நியாயம் கட்டிக்கொண்டு அவ்வளவு நேரமும் காத்திருந்திருக்கிறார். நான் தலையில் அடித்துக்கொண்டு அவரைத் தாண்டி நடந்தேன். கேட்டைத் தாண்டிப் பஸ் நிற்கிற இடத்துக்கே போய்விட்டேன். அங்கேதான் உறைத்தது. சேனைக்கு முன்னால் குழந்தையின் வாயில் வேறெதுவும் படக்கூடாது என்பதும் அந்த வழக்கத்தில் உண்டே. இவர் எனக்காகக் காத்திருந்தார் என்றால், குழந்தை?

ஓடினேன். தாய் சுவர் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பால் கொடுத்தாயா என்று கேட்டதற்கு, "இன்னும் குடுக்கல சிஸ்டர். நீங்க வந்து வச்சதும் குடுக்கலாம்னு மதினி சொன்னாங்க. தூங்கிக்கிட்டேதான் இருக்கு" என்றாள். குழந்தை தூங்கவில்லை. பாதம் சில்லென்று இருந்தது. தொட்டால் அதன் பிஞ்சுக் கை வெடவெடவென்று உதறியது. அழவைத்துப் பார்த்தேன், முனகல்தான் வந்தது. குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தால், மெஷினில் வந்த எண் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை; டாக்டரைக் கூப்பிட்டேன். இரண்டு கிலோக் குழந்தை, ஏழு மணி நேரமாக ஒரு சொட்டு இல்லாமல் கிடந்திருக்கிறது. டாக்டர் நூல் மாதிரி இருந்த ஒரு நரம்பைப் பிடித்து ஊசியைப் பதித்தார். குளுக்கோஸ் மருந்தைச் செலுத்தியது நான்தான். அதுவும் சர்க்கரைத் தண்ணீர்தான். காலையில் ஒரு சொட்டுக்கு அத்தனை கத்தலும் கத்தினவள், சாயங்காலத்துக்குள் அதையே ஊசியில் எடுத்து என் கையால் உள்ளே தள்ளினேன். அத்தை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவரை வெளியே போகச் சொல்லவில்லை.

மாவட்டப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சீட்டு எழுதும்போது டாக்டர் கேஸ் ஷீட்டைப் பார்த்தார். பார்த்ததை அப்படியே எழுதினார்: பிறந்தவுடன் தாய்ப்பால் கொடுக்கப்பட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வாக்கியம் போதும். 'இல்லை சார், நான் பார்க்காமல் எழுதிவிட்டேன்.' அதைச் சொல்லாமல் சீட்டை வாங்கி உறையில் போட்டேன். வேலைக்கு வந்து ஐந்தாவது வருஷம். பயம். வேறு பெரிய காரணமெல்லாம் இல்லை. ஊருக்கு உபதேசம் செய்கிறவளுக்குத் தன் விஷயத்தில் வாய் திறக்கவில்லை. ஆம்புலன்ஸ் கிளம்பிப் போனது.

பதினோரு நாள் கழித்துக் குழந்தை வீடு திரும்பியதாகக் கிராம நர்ஸ் மூலம் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு அந்தக் குழந்தை தடுப்பூசிக்கு வரும், சளிக்கு வரும், எப்போதும் அத்தைதான் தூக்கிக்கொண்டு வருவார். நான் எந்த வார்டில் இருந்தாலும் தேடி வந்து காட்டிவிட்டுப் போவார். எனக்கோ அவர் தலை தெரிந்தாலே எழுந்து உள்ளே போய்விடத் தோன்றும். சர்க்கரை குறைந்து கிடந்த குழந்தைகளுக்குப் பின்னால் என்னென்ன வரலாம் என்று படித்தவள்தானே. தலை நின்றதா, தவழ்ந்ததா, பேச்சு வந்ததா என்று ஒவ்வொரு தடவையும் குழந்தையைச் சோதிப்பேன். விளையாடுவது மாதிரி விரலை ஆட்டிக் கண் பார்வையைப் பார்ப்பேன், காதுக்குப் பின்னால் சொடுக்குவேன். "சிஸ்டருக்குப் பிள்ள மேல என்னா ஆச" என்பார் அத்தை. ஒரு குறையும் தெரியவில்லை. ஆனாலும் என்னால் தேடுவதை நிறுத்த முடியவில்லை. இரண்டாம் வகுப்பில் கணக்கு வரவில்லை என்று அவர் சும்மா சொல்லிப்போட்ட ஒரு பேச்சுக்கு நான் நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

போன மாதம் காய்ச்சல் என்று அழைத்து வந்திருந்தார். பிள்ளை மருந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தது. நானும் அத்தையும் வேப்பமரத்தடியில் இருந்தோம். எப்படி வந்தது என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன். "அன்னைக்கு பாப்பா பால் குடிச்சுதான்னு நான் பாக்கவே இல்ல. பாக்காமலே குடிச்சதா எழுதிட்டேன். பாத்திருந்தா காலையிலேயே தெரிஞ்சிருக்கும்." திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"அது தெரியும் சிஸ்டர்" என்றார். "பெரிய ஆஸ்பத்திரியில கேட்டாங்கல்ல. பொறந்ததுமே குடிச்சுச்சுன்னு சீட்டுல போட்டுருக்கே, நெசமா குடிச்சுச்சாம்மான்னு ஒரு டாக்டரம்மா ரெண்டு தடவ கேட்டுச்சு. ஆமா, நல்லா குடிச்சுச்சுன்னு சொல்லிட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஒங்க கைதான அதுக்கு மொத மொத இனிப்பு குடுத்துச்சு. நாக்குல வச்சா என்ன, ஊசியில ஏத்துனா என்ன. சேனை வச்சவங்க பொய் எழுதுனாங்கன்னு பேரானா அந்தக் கொணம் பிள்ளைக்கும்ல ஒட்டும்." மருந்து வரிசையில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டார். "பால் குடிச்ச பிள்ளைக்கு ஏன் சக்கர கொறையுதுன்னு அவங்களுக்குப் பிடிபடல. கிருமியா இருக்கும்னு முதுகுல ஊசி குத்தி நீர் எடுத்தாங்க. ரெண்டு தடவ குத்துனாங்க. என்னையத்தான் பிடிச்சுக்கச் சொன்னாங்க. அப்பச் சொல்லிரலாமான்னு வந்துச்சு. சொல்லல."

அந்த ஊசி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குக் குழந்தையை எப்படி வளைத்துப் பிடிக்க வேண்டும் என்றும் தெரியும். கர்ப்பிணிகளுக்கு அத்தனை வகுப்பு எடுத்த நான், என் ஒரு வரிக்காக இரண்டு கிலோக் குழந்தையின் முதுகில் இரண்டு தடவை குத்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அழுகை வந்தது. அத்தை என்னைச் சமாதானப்படுத்தவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பிள்ளை மருந்துப் பொட்டலத்தோடு திரும்பி வருவதைப் பார்த்து எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார்.

"இப்பல்லாம் பாத்துட்டுத்தான சிஸ்டர் எழுதுறீங்க?"

"பாத்துட்டுத்தான் எழுதுறேன்" என்றேன்.

பெரும்பாலான நாட்களில் அது உண்மை.